காகிதத்திலா, இணையத்திலா? உணவுப் பழக்க வினாப்பட்டியலின் இரு வடிவங்களை ஒப்பிடும் முறை

ஊட்டச்சத்தியல், சமூக மருத்துவம், பொதுச் சுகாதாரம் ஆகிய படிப்புகளில் ஆய்வேடு எழுதத் தொடங்கும் மாணவர்கள் பலருக்கு ஒரே சிக்கல் வருகிறது. மக்கள் என்ன உண்கிறார்கள் என்பதை அளக்க, ஏற்கெனவே சோதித்துப் பார்த்த காகித வினாப்பட்டியல் ஒன்று துறையில் இருக்கும். அதை அச்சடித்து, வீடு வீடாகக் கொண்டுபோய், நிரப்பி வாங்கி, பிறகு ஒவ்வொரு விடையையும் கணினியில் ஏற்ற ஆளும் இருக்காது, நேரமும் இருக்காது. இணையப் படிவமாக மாற்றி, வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அனுப்பலாம். ஆனால் அப்படி வந்து சேரும் எண்கள், காகிதத்தில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்பதைக் காட்டாமல் அவற்றைப் பழைய ஆய்வுகளோடு சேர்த்துப் பேச முடியாது. அதைக் காட்டும் ஒப்பீட்டு ஆய்வை எப்படித் திட்டமிடுவது, எப்படி நடத்துவது, கிடைத்த எண்களை எப்படிப் படிப்பது என்பதை, இத்துறைக்குப் புதிதாக வருபவரை மனத்தில் வைத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம்

உணவுப் பழக்கத்தை அளக்கப் பெரிதும் பயன்படுவது, எஃப்.எஃப்.க்யூ. (Food Frequency Questionnaire) என்று துறையில் அழைக்கப்படும் வினாப்பட்டியல். ஓர் உணவுப் பட்டியலைக் கொடுத்து, கடந்த ஒரு மாதத்திலோ ஓராண்டிலோ ஒவ்வோர் உணவையும் எவ்வளவு அடிக்கடி உண்டீர்கள், ஒரு முறைக்கு எவ்வளவு உண்டீர்கள் என்று அது கேட்கும். முந்தைய நாள் உண்டதை மட்டும் விரிவாகக் கேட்கும் 24 மணி நேர நினைவுகூரலும், உண்ணும்போதே எழுதி வைக்கும் உணவுக் குறிப்பேடும் வேறு முறைகள். அவை இக்கட்டுரையில் துணைக்கு மட்டுமே வரும்.

ஒரே வினாப்பட்டியலின் காகித வடிவமும் இணைய வடிவமும் ஒரே ஆளிடமிருந்து ஒரே விடையைப் பெறுகின்றனவா என்பது ஒரு கேள்வி. அந்த விடை அவர் உண்மையில் உண்டதைக் காட்டுகிறதா என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. காகிதத்தையும் இணையத்தையும் ஒப்பிடும் ஆய்வு முதல் கேள்விக்கு மட்டுமே விடை தரும். இதை ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். பின்னாளில் 0.8 என்ற ஒட்டுறவுக் கெழு (இரு அளவுகளும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் எண்) கைக்கு வந்ததும், 'இணைய வினாப்பட்டியல் ஏற்புடையது என நிறுவப்பட்டது' என்று எழுதத் தோன்றும். அப்போது இந்தப் பக்கம் உங்களைத் தடுக்கும்.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1999–2000இல் 484 பேரிடம் நடந்த ஓப்பன் ஆய்வில், உடல் செலவிடும் ஆற்றலை இரட்டைக் குறியிட்ட நீர் என்ற முறையால் (ஐசோடோப்புகளால் குறியிட்ட நீரைக் குடிக்கவைத்து, அவை உடலிலிருந்து வெளியேறும் வேகத்தைக் கொண்டு) அளந்து, அதனோடு வினாப்பட்டியல் விடைகளை ஒப்பிட்டார்கள். எஃப்.எஃப்.க்யூ.வில் ஆண்கள் தங்கள் ஆற்றல் உட்கொள்ளலை 31 முதல் 36 சதவீதம் வரையும், பெண்கள் 34 முதல் 38 சதவீதம் வரையும் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். 24 மணி நேர நினைவுகூரலில் இந்தக் குறைவு ஆண்களிடம் 12 முதல் 14 சதவீதமாகவும் பெண்களிடம் 16 முதல் 20 சதவீதமாகவும் இருந்தது. காகிதத்தில் தன் உணவைக் குறைத்துச் சொல்பவர் இணையத்திலும் குறைத்தே சொல்வார். கல் குறைந்த இரு தராசுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதால் எடை சரியாகிவிடாது. உண்மையோடு உள்ள நெருக்கத்தைச் சொல்ல வேண்டுமானால் மூன்றாவதாக ஒரு சுயேச்சையான அளவை வேண்டும். 1985இல் வெளியான வில்லட் குழுவின் ஆய்வில், 61 உணவுகள் கொண்ட வினாப்பட்டியலைச் சோதிக்க 173 பெண்கள் ஓராண்டுக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு வாரம், உண்டதை நிறுத்துப் பதிவு செய்தார்கள். அந்த உழைப்புக்கு உங்களிடம் வசதி இல்லையென்றால் அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் முடிவுரையில் அந்த உழைப்பின் பலனை உரிமை கோரக் கூடாது.

இரண்டாம் படி: வினாப்பட்டியலைத் தேர்ந்தெடுத்தல்

ஒப்பீட்டின் உயிர்நாடி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. சொல்வதற்கு எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் நடந்த ஃபுட்ஃபார்மீ திட்டம் இணையத்துக்கென ஒரு எஃப்.எஃப்.க்யூ.வை உருவாக்கி, அதைப் பிரிட்டனின் எபிக்–நார்ஃபோக் ஆய்வில் பயன்பட்ட அச்சு வினாப்பட்டியலோடு ஒப்பிட்டது. அச்சு வடிவத்தில் 130 உணவுகள், இணைய வடிவத்தில் 157. கூடவே பரிமாறும் அளவைக் காட்டும் ஒளிப்படங்களும் சேர்ந்தன. புதிய கருவி பழைய கருவிக்கு இணையாக நிற்குமா என்பதை அறிய அந்த ஒப்பீடு தகுந்ததே. ஆனால் இரண்டுக்கும் இடையே காணும் வேறுபாட்டில் எவ்வளவு திரையால் வந்தது, எவ்வளவு கூடுதல் உணவுகளால் வந்தது, எவ்வளவு படங்களால் வந்தது என்று அதிலிருந்து பிரித்தறிய முடியாது. ஊடகத்தின் விளைவை மட்டும் அறிய விரும்புபவர் உணவுப் பட்டியல், வரிசை, சொற்கள், படங்கள், கால வரம்பு ஆகிய எல்லாவற்றையும் இரு வடிவங்களிலும் ஒன்றாகவே வைக்க வேண்டும்.

தமிழகத்தில் இப்பணியைத் தொடங்குபவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை உருவாக்கிச் சோதித்த, 222 உணவுகள் கொண்ட எஃப்.எஃப்.க்யூ. நம் உணவுக்கு நன்கு பொருந்தியது. ஆனால் அது பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் கேட்டு நிரப்பும்படி அமைந்தது. அத்தகைய ஒன்றை எடுத்து, மக்கள் தாமே நிரப்பும் இணையப் படிவமாக மாற்றினால் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து நிகழ்கின்றன: காகிதம் திரையாகிறது, கேட்பவர் காணாமல் போகிறார். இரண்டாவது மாற்றம் முதலாவதைவிடப் பெரியது என்பது என் கணிப்பு. 'சாம்பார் வாரத்துக்கு இரண்டு முறைதானா? இட்லிக்கு ஊற்றிக்கொள்வதைச் சேர்த்தீர்களா?' என்று கேட்டுத் திருத்த நேரில் ஒருவர் இருப்பதற்கும், யாரும் இல்லாமல் தனியே நிரப்புவதற்கும் இடையே உள்ள தொலைவு அவ்வளவு. எனவே, முதலில் தாமே நிரப்பும் காகித வடிவம் ஒன்றைத் தயாரித்து, அதையே இணையத்தோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாம் படி: இணைய வடிவத்தை அமைத்தல்

அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான். காகிதத்தில் எஃப்.எஃப்.க்யூ. ஒரு பெரிய கட்டமாக இருக்கும். இடப்பக்கம் உணவின் பெயர். மேலே 'மாதம் ஒரு முறைக்கும் குறைவு' என்பதில் தொடங்கி 'நாளுக்கு 6 முறைக்கு மேல்' என்பது வரை ஒன்பது நெடுவரிசைகள். இதே கட்டத்தைக் கைபேசித் திரையில் காட்டினால் பாதி நெடுவரிசைகள் வெளியே போய்விடும். விரலால் நகர்த்தும்போது தலைப்பு வரிசை மறையும். 'வாரம் 2–3 முறை' என்று எண்ணிக்கொண்டு 'நாளுக்கு 2–3 முறை' என்பதைத் தொட்டுவிட்டால், மீன் குழம்பு ஒன்றிலேயே உட்கொள்ளல் ஏழு மடங்காகப் பதிவாகும். எனவே, ஒவ்வொரு தெரிவுக்கும் பக்கத்திலேயே அதன் முழுச் சொற்களும் இருக்க வேண்டும். பக்கவாட்டில் நகர்த்தும் கட்டம் கைபேசிக்கு வேண்டாம்.

அப்படியானால் ஒரு திரைக்கு ஓர் உணவு என்று வைத்துவிடலாமே என்று தோன்றும். அதிலும் ஓர் இழப்பு உண்டு. காகிதத்தில் இட்லி, தோசை, பொங்கல், உப்புமா, இடியாப்பம், பூரி ஆகியவை ஒரே பக்கத்தில் கண்ணெதிரே நிற்கின்றன. வாரத்துக்கு ஏழு காலைகளே உள்ளன என்பது நிரப்புபவரின் நினைவில் இருக்கும். தோசைக்கு ஐந்து முறை என்று குறித்தவர் இட்லிக்கு வரும்போது மேலே பார்த்துக் குறைத்துக்கொள்வார். ஒவ்வொன்றும் தனித் திரையில் வந்தால் இந்தச் சரிபார்ப்பு நடக்காது. சேர்த்துப் பார்த்தால் வாரத்துக்குப் பதினைந்து காலைச் சிற்றுண்டி என்றுகூட வந்து நிற்கும். ஓர் உணவுக் குடும்பத்தை ஒரே திரையில் மேலிருந்து கீழாக அடுக்கி, 'காலையிலும் இரவிலும் உண்ணும் சிற்றுண்டிகள்' என்பதுபோல் தலைப்பிட்டு வைப்பது இரண்டுக்கும் நடுவே நல்ல வழி.

விடுபட்ட விடைகளைப் பற்றி முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். காகிதத்தில் ஒரு வரியை வெற்றாக விட்டுவிட்டால், அதை 'உண்பதில்லை' என்று கொள்வது பலர் பின்பற்றும் வழக்கம். இணையத்தில் விடையளிக்காமல் அடுத்த திரைக்குப் போக முடியாதபடி செய்யலாம். செய்தால் தரவு முழுமையாகத் தோன்றும். ஆனால் விடை தெரியாதவர் எதையாவது தொட்டுவிட்டுத்தான் நகர்வார். கட்டாயப்படுத்துவதைவிட, ஒரு முறை நினைவூட்டிவிட்டு நகர அனுமதிப்பதே நேர்மையான வழி என்று கருதுகிறேன். 'நினைவில்லை' என்ற தெரிவைச் சேர்க்க விரும்பினால் இரு வடிவங்களிலும் சேர்க்க வேண்டும்.

தாவும் வினாக்கள் இணையத்தின் பெரிய வசதி. இறைச்சி உண்பதில்லை என்று ஒருவர் சொன்னால் அடுத்த இருபது வினாக்கள் அவருக்கு வரவேண்டியதில்லை. ஆயினும் 'சைவம்' என்று குறிப்பவர்களில் முட்டை உண்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். வீட்டில் சமைக்காமல் கேக்கிலும் கடையில் வாங்கும் ஆம்லெட்டிலும் மட்டும் உண்பவர்களும் உண்டு. சைவமா என்ற ஒரே வினாவை வைத்து எல்லாவற்றையும் தாண்டவிட்டால் காகிதத்தில் பதிவாகும் முட்டை இணையத்தில் மறைந்துவிடும். முட்டையையும் கருவாட்டையும் தனித்தனியே கேட்டுவிட்டு மற்றவற்றுக்குத் தாவல் வையுங்கள்.

பரிமாறும் அளவுக்கு நம் வீடுகளில் புழங்கும் பாத்திரங்களே அளவுகோல். சாம்பாருக்குக் குழிக்கரண்டி, பொரியலுக்குக் கரண்டி, காபிக்கு டம்ளர், சோற்றுக்குக் கிண்ணம். ஆனால் வீட்டுக்கு வீடு குழிக்கரண்டியின் கொள்ளளவு மாறும். ஆகவே மூன்று வெவ்வேறு அளவுகளில் தட்டில் பரிமாறி, பக்கத்தில் எல்லோரும் அறிந்த ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்துப் படமெடுத்து, அதே படத்தை இரு வடிவங்களிலும் இடுங்கள். காகிதத்தில் கறுப்பு வெள்ளையாக அச்சிட்டுத் திரையில் வண்ணத்தில் காட்டினால் அதுவே ஒரு வேறுபாடாகிவிடும். வண்ண அச்சுக்குச் செலவாகும் என்றால், படங்களை மட்டும் ஒரு தனி அட்டையாக அச்சிட்டு, நிரப்பியதும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எண்ணெய்க்கு இந்த முறை உதவாது. மாதத்துக்கு வீட்டில் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறார்கள், எத்தனை பேர் உண்கிறார்கள் என்று கேட்டு வகுத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு அதுவும் தெரியாது. அவர்களுக்கு விடுதிச் சமையலறையில் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, கூகுள் ஃபார்ம்ஸ் எல்லோருக்கும் பழகியது. ஆனால் நீண்ட எஃப்.எஃப்.க்யூ.வுக்கு அதன் கட்டங்கள் கைபேசியில் இடர் தருகின்றன. லைம்சர்வே, கோபோ டூல்பாக்ஸ், உங்கள் நிறுவனம் இணைந்திருந்தால் ரெட்கேப் ஆகியவை மேல். எதை எடுத்தாலும், பாதியில் விட்டவர் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதா, தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் பதிவாகின்றனவா, எந்தத் தெரிவும் முன்கூட்டியே குறிக்கப்படாமல் இருக்கிறதா என்ற மூன்றையும் சரிபாருங்கள்.

நான்காம் படி: யாரிடம், எத்தனை பேரிடம்

கல்லூரி மாணவர்களிடம் மட்டும் செய்துவிட்டு, இணைய வடிவம் எல்லோருக்கும் பொருந்தும் என்று எழுதும் ஆய்வேடுகள் அதிகம். மாணவர்களுக்குத் திரை பழக்கம். ஆனால் தாம் உண்ணும் சாம்பாரில் எவ்வளவு பருப்பு போகிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அது தெரிந்த வீட்டுப் பெண்களில், குறிப்பாக ஐம்பது வயதைக் கடந்தவர்களில், பலரிடம் சொந்தமாகக் கைபேசி இருக்காது. இருந்தாலும் மகளோ பேரனோதான் படிவத்தை நிரப்பித் தருவார்கள். இவர்களை விட்டுவிட்டுச் செய்யும் ஒப்பீடு யாருக்குப் பயன்படும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். படிவத்தின் இறுதியில் 'இதை நீங்களே நிரப்பினீர்களா, வேறொருவர் உதவினாரா' என்ற ஒரு வினாவை இரு வடிவங்களிலும் சேர்த்தால் பின்னர் பிரித்துப் பார்க்க முடியும். இணைய இணைப்பை அனுப்பி யார் வருகிறார்களோ அவர்களை எடுத்துக்கொள்வதைவிட, ஒரு பட்டியலிலிருந்து ஆட்களைத் தேர்ந்து நேரில் சந்தித்துச் சேர்ப்பது நல்லது. மறுத்தவர்களின் வயது, கல்வி, பாலினம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை 100க்குக் குறைய வேண்டாம். 150 முதல் 200 வரை இருந்தால் நல்லது. காரணத்தைக் கணக்காகவே காட்டலாம். இரு வடிவங்களுக்கும் இடையே ஆற்றல் வேறுபாட்டின் திட்டவிலக்கம் (ஆளுக்கு ஆள் அந்த வேறுபாடு எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு) 400 கிலோகலோரி என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 95 சதவீதத்தினரின் வேறுபாடு அடங்கும் வரம்பை ஒப்புமை எல்லைகள் என்பார்கள்; எட்டாம் படியில் அவற்றைக் கணக்கிடுவோம். அந்த எல்லை ஒவ்வொன்றும் உண்மையான இடத்திலிருந்து, 50 பேரை வைத்துக் கணித்தால் சுமார் 190 கிலோகலோரி வரையும், 100 பேரை வைத்துக் கணித்தால் சுமார் 135 கிலோகலோரி வரையும் முன்பின்னாக விலகியிருக்கக்கூடும். முப்பது பேரை வைத்துச் சொல்லும் முடிவு எவ்வளவு ஆட்டங்காணும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

ஐந்தாம் படி: வரிசையும் இடைவெளியும்

எல்லோரும் முதலில் காகிதத்தையும் பிறகு இணையத்தையும் நிரப்பினால், வேறுபாடு ஊடகத்தால் வந்ததா, இரண்டாம் முறை என்பதால் வந்ததா என்று சொல்ல முடியாது. இரண்டாம் முறை நிரப்பும்போது பலர் விரைந்து முடிப்பார்கள். மொத்த உட்கொள்ளலும் சற்றுக் குறைவாகவே வருவது வழக்கம். எனவே, பாதிப் பேர் காகிதத்தில் தொடங்கவும் பாதிப் பேர் இணையத்தில் தொடங்கவும் சமவாய்ப்பு முறையில் பிரிப்பது குறைந்தபட்சத் தேவை.

நான் இன்னும் ஒரு படி மேலே போகச் சொல்வேன். மனிதர்கள் ஒரே காகித வினாப்பட்டியலை இரண்டு முறை நிரப்பினாலும் விடைகள் முழுமையாக ஒத்துப்போவதில்லை. இந்த இயல்பான ஊசலாட்டம் எவ்வளவு என்று தெரியாமல், காகிதத்துக்கும் இணையத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிதா சிறிதா என்று எப்படிச் சொல்வது? ஆகவே நான்கு குழுக்களாகப் பிரியுங்கள்: காகிதம்–இணையம், இணையம்–காகிதம், காகிதம்–காகிதம், இணையம்–இணையம். 200 பேர் இருந்தால் முதல் இரு குழுக்களுக்கு 60 பேர் வீதமும் பின்னிரு குழுக்களுக்கு 40 பேர் வீதமும் போதும். பின்னிரு குழுக்கள்தாம் உங்கள் முடிவுக்கு அளவுகோலைத் தருகின்றன. வேலை கூடும் என்பது உண்மை. ஆனால் இவை இல்லாமல் செய்த ஒப்பீடுகளைப் படிக்கும்போதெல்லாம், இவ்வளவு பாடுபட்டவர்கள் இதையும் செய்திருக்கலாமே என்ற வருத்தம் வருகிறது.

இரண்டு முறைகளுக்கும் இடையே இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை விடுவது வழக்கம். குறைவாக விட்டால் முந்தைய விடையை நினைவில் வைத்தே நிரப்புவார்கள். அதிகமாக விட்டால் உணவே மாறிவிடும். நம் ஊரில் நாட்காட்டியைப் பார்க்காமல் இந்த இடைவெளியை முடிவு செய்யவே கூடாது. ஆவணி இறுதியில் காகிதத்தில் மீனும் கோழியும் வாரம் இருமுறை என்று எழுதியவர், புரட்டாசி முடியும்போது இணையத்தில் 'உண்பதில்லை' என்று குறித்தால், அவர் இரண்டு முறையும் உண்மையைத்தான் சொன்னார். கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்கும் வினாப்பட்டியலில் இந்த மாற்றம் முழுமையாக விழும்; ஓராண்டைப் பற்றிக் கேட்டாலும் நடப்பு மாதத்தின் சாயல் விடையில் படியும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள், ரமலான் நோன்பிருப்பவர்கள், தவக்காலத்தில் இறைச்சியைத் தவிர்ப்பவர்கள், மாம்பழமும் நுங்கும் வந்து போகும் கோடை மாதங்கள் ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, இரு முறைகளும் ஒரே பருவத்துக்குள் அடங்குமாறு தேதிகளைக் குறியுங்கள்.

ஆறாம் படி: முன்னோட்டமும் ஒப்புதலும்

பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து, நிரப்பும்போது மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் தயங்குகிறார்கள், எந்தத் திரையில் பின்னோக்கிப் போகிறார்கள், எந்தப் படத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி இரு வடிவங்களுக்கும் சேர்த்தே பெறப்பட வேண்டும். இணைய வடிவத்தில் கைபேசி எண்ணை விடைகளோடு ஒரே கோப்பில் வைக்காமல் தனி அடையாள எண்ணைத் தருவது, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு முன்னைவிட முக்கியமாகிறது.

ஏழாம் படி: விடைகளை எண்களாக மாற்றுதல்

காகித விடைகளை இருவர் தனித்தனியே கணினியில் ஏற்றி, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் தட்டச்சுப் பிழைகள் எல்லாம் காகிதத்தின் குறையாகக் கணக்கில் சேரும். இணையத்தில் இந்தப் பிழைக்கே இடமில்லை என்பது அதன் உண்மையான பலம். அதைத் தனியாக எழுதிக் காட்டுங்கள், ஒப்புமைக் கணக்கில் கலந்துவிடாதீர்கள். ஏற்றுவதற்கு ஆன நேரத்தையும், அச்சு, பயணம், இணையச் சேவை ஆகியவற்றின் செலவையும் முதல் நாளிலிருந்தே குறித்து வந்தால் பின்னர் தேட வேண்டியிருக்காது.

எண்ணிக்கைத் தெரிவுகளை நாள் ஒன்றுக்கான அளவாக மாற்றும்போது, 'வாரம் 2–3 முறை' என்பது 2.5ஐ 7ஆல் வகுத்து 0.36 ஆகும், 'மாதம் 1–3 முறை' என்பது 0.07 ஆகும். அதைப் பரிமாறும் அளவின் கிராம் எடையால் பெருக்கி, உணவுக் கூறு அட்டவணையோடு இணைக்க வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுக் கூறு அட்டவணை 528 உணவுகளுக்கு 151 கூறுகளைத் தருகிறது. அவை பெரும்பாலும் சமைக்காத உணவுகள் என்பதால் சாம்பார், வத்தக்குழம்பு, தோசை ஆகியவற்றுக்குச் செய்முறையை வைத்து நீங்களே கணக்கிட வேண்டும். இரு வடிவங்களுக்கும் அதே அட்டவணை, அதே செய்முறை, அதே எடை.

நம்பத்தகாத விடைகளை நீக்கும் விதியையும் தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். பெண்களுக்கு நாளுக்கு 500 முதல் 3500 கிலோகலோரி, ஆண்களுக்கு 800 முதல் 4000 கிலோகலோரி என்ற எல்லைகள் பரவலாகப் பயன்படுகின்றன. ஒவ்வொரு வடிவத்திலும் எத்தனை பேர் இந்த எல்லைக்கு வெளியே போனார்கள் என்பதும் ஒரு முடிவுதான். அதை அடிக்குறிப்பில் ஒளிக்க வேண்டாம்.

எட்டாம் படி: கணக்கும் அதன் பொருளும்

ஒட்டுறவுக் கெழுவை மட்டும் தந்துவிட்டு நிறுத்துவதுதான் இவ்வகை ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் குறை. எல்லோரும் காகிதத்தில் சொன்னதைப்போல் இரு மடங்கு இணையத்தில் சொன்னாலும் ஒட்டுறவுக் கெழு 1 என்றே வரும். ஒருவரது விடை மற்றவரோடு ஒப்பிடுகையில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அது காட்டும். இரு அளவுகளும் ஒன்றா என்பதைக் காட்டாது. இந்தக் குறையைச் சுட்டிக்காட்டித்தான் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் லான்செட் இதழில் தங்கள் முறையை முன்வைத்தார்கள்.

அந்த முறை எளிமையானது. ஒவ்வொருவருக்கும் இணைய அளவிலிருந்து காகித அளவைக் கழித்து, அந்த வேறுபாட்டைச் செங்குத்து அச்சிலும், இரு அளவுகளின் சராசரியைக் கிடை அச்சிலும் குறிக்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். சராசரி வேறுபாடு 90 கிலோகலோரி, திட்டவிலக்கம் 400 என்றால், 400ஐ 1.96ஆல் பெருக்கி 784. ஒப்புமை எல்லைகள் −694 முதல் +874 வரை. குழுவின் சராசரியைப் பார்த்தால் 90 கிலோகலோரி என்பது அரை டம்ளர் பாலைச் சுற்றியுள்ள அளவு, பெரிதில்லை. ஆனால் தனி ஒருவரை எடுத்துக்கொண்டால், அவரது இணைய விடை காகித விடையைவிட 800 கிலோகலோரிக்கு மேலேயும் இருக்கலாம், 600க்குக் கீழேயும் இருக்கலாம். இதே எண்கள், மக்கள்தொகையின் சராசரியைத் தேடுபவருக்கு நிறைவளிக்கும். ஒரு நோயாளிக்கு உணவுத் திட்டம் வகுக்கும் உணவியல் வல்லுநருக்குப் பயன்படாது. புள்ளிகள் வலப்பக்கம் விரிந்துகொண்டே போனால், அதிகம் உண்பவர்களிடம் வேறுபாடும் அதிகம் என்று பொருள். அப்போது மடக்கை எடுத்து மீண்டும் கணக்கிட வேண்டும்.

அடுத்தது, மக்களை உட்கொள்ளலின்படி நான்கு கால்மானங்களாகப் பிரித்து, இரு வடிவங்களிலும் ஒரே பிரிவில் வருபவர்கள் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. '85 சதவீதத்தினர் அதே பிரிவிலோ அடுத்த பிரிவிலோ இருந்தார்கள்' என்ற வாக்கியம் கேட்பதற்குப் பெருமையாக இருக்கும். ஆனால் எந்தத் தொடர்பும் இல்லாமல் தற்செயலாகவே 62.5 சதவீதத்தினர் அப்படி வருவார்கள். நேரெதிர்ப் பிரிவுகளில் 12.5 சதவீதத்தினர் வருவார்கள். தற்செயலைக் கழித்துக் காட்டும் எடையிட்ட கப்பா கெழுவையும் சேர்த்துத் தருவது அதனால்தான்.

ஆற்றலுக்கு ஏற்பச் சரிசெய்த (மொத்தக் கலோரி கூடுதல் குறைவின் விளைவை நீக்கிய) அளவுகளையும் சரிசெய்யாத அளவுகளையும் இரண்டையும் தாருங்கள். எல்லாவற்றையும் கூட்டிச் சொல்பவர் ஒரு வடிவத்தில் கொழுப்பையும் புரதத்தையும் சேர்த்தே கூட்டுவார் என்பதால், சரிசெய்த பிறகு படம் மாறக்கூடும்.

சத்துகளோடு நிறுத்தாமல் உணவு உணவாகவும் பாருங்கள். எங்கே ஊடகம் விடையை மாற்றுகிறது என்பது அங்கேதான் தெரியும். நாள்தோறும் ஒரே அளவில் செல்லும் காபி, பால், சோறு ஆகியவை பொதுவாக நன்கு ஒத்துப்போகும். கீரை, பழம், வடை, இனிப்பு ஆகியவை ஊசலாடும். நேரில் காகிதத்தை வாங்கிப் பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார் என்றால் மதுவைப் பற்றிய விடை குறையலாம். தனியே திரையில் நிரப்பும்போது அந்தத் தயக்கம் தளரலாம். அத்தகைய உணவில் வேறுபாடு கண்டால் அதை இணையத்தின் பிழை என்று உடனே எழுதிவிடக் கூடாது.

இவை எல்லாவற்றையும் கணித்த பிறகு, காகிதம்–காகிதம் குழுவின் ஒப்புமை எல்லைகளைப் பக்கத்தில் வையுங்கள். காகிதம்–இணையம் எல்லைகள் அவற்றுக்கு அருகில் இருந்தால் ஊடகம் பெரிதாக எதையும் மாற்றவில்லை. தெளிவாக அகன்றிருந்தால், மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய் எந்தத் திரை அதற்குக் காரணம் என்று தேட வேண்டும்.

ஒன்பதாம் படி: எதைப் பயன்படுத்துவது என்று தீர்மானித்தல்

அமெரிக்காவில் 1995–96இல், தேசிய சுகாதார நிறுவனங்களும் (என்.ஐ.ஹெச்.) மூத்தோர் அமைப்பான ஏ.ஏ.ஆர்.பி.யும் சேர்ந்த என்.ஐ.ஹெச்.–ஏ.ஏ.ஆர்.பி. ஆய்வுக்காக 35 லட்சம் பேருக்கு அஞ்சலில் வினாப்பட்டியல் அனுப்பினார்கள். பயன்படுத்தத் தக்கவையாகத் திரும்பியவை 5 லட்சத்து 60 ஆயிரத்துக்குச் சற்று மேல். பிரிட்டனின் பெரிய சுகாதார ஆய்வான யு.கே. பயோபேங்க், ஆக்ஸ்ஃபோர்ட் வெப்க்யூ என்ற இணைய வழி 24 மணி நேர வினாப்பட்டியலைப் பயன்படுத்தியபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரு முறையேனும் அதை நிரப்பினார்கள். அந்த வினாப்பட்டியலை நிரப்ப ஆகும் இடைநிலை நேரம் 12.5 நிமிடங்கள் என அதை உருவாக்கியவர்கள் கண்டிருந்தார்கள். அவ்வளவு குறைந்த நேரத்தில் முடிவதால் ஒரே ஆளிடம் ஆண்டுக்குப் பல முறை கேட்க முடிகிறது. பெரிய ஆய்வுகள் இணையத்தை நாடுவதற்கு இதுவே வலுவான காரணம்.

உங்கள் ஆய்வு அவ்வளவு பெரிதில்லை என்றால், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒப்பீட்டில் இரு வடிவங்களும் நெருங்கி நின்றால், கைபேசியில் நிரப்ப விரும்புபவருக்கு இணைப்பையும், காகிதம் வேண்டும் என்பவருக்குக் காகிதத்தையும் தரலாம். முதியவர்களும் கிராமத்துப் பெண்களும் அப்போது விடுபட மாட்டார்கள். ஆனால் யார் எந்த வடிவத்தில் நிரப்பினார் என்பதைத் தரவில் தனி மாறியாகப் பதிவு செய்து, ஒவ்வொரு பகுப்பாய்விலும் அதைச் சேர்க்க வேண்டும். ஏனெனில் காகிதத்தைக் கேட்டவர்கள் இணையத்தைக் கேட்டவர்களைவிட வயதிலும் வருவாயிலும் உணவிலும் வேறுபட்டவர்களாக இருப்பார்கள். வேறுபாடு பெரிதாக இருந்த உணவுகளின் பட்டியலைப் பின்னிணைப்பாகக் கொடுத்து, திரைகளின் படங்களையும் காகித வடிவத்தின் பக்கங்களையும் அப்படியே இணைத்துவிடுங்கள். உங்களுக்கு அடுத்து வரும் மாணவர் எந்தத் திரையை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதை அவற்றிலிருந்தே கண்டுகொள்வார்.